பின்கதவுக்காரி

ஜீப்பில் கதவோரம் இருப்பவள் முதலில் இறங்கினால்தானே மற்றவர்கள் இறங்க முடியும்? ஜக்கம்மாள் அப்படித்தான் எத்தனையோ வருசமாக இறங்கிக்கொண்டிருந்தாள். இந்த ஆவணி பிறந்ததிலிருந்துதான் காலை மடக்கி ஒதுக்கிக்கொண்டு, "நீங்க இறங்குங்கடீ, என் தூக்குவாளி மூடியக் காணோம்" என்று ஆரம்பித்தாள். மறுநாள் செருப்பைக் காணோம். அதற்கு மறுநாள் மூக்குத்தித் திருகு. பெண்கள் எல்லாரும் குதித்து, சேலையை ஏற்றிச் செருகி, சரிவில் ஏலக்காட்டுக்குள் இறங்கிய பிறகுதான் அவள் வலது காலை மெல்லத் தரையில் வைப்பாள். வைத்ததுதான் தாமதம், இடுப்புக்கு வெளிப்பக்கம் எலும்பு முட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் சுரீர் என்று ஏறும். கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். டிரைவர் அழகுராஜா பீடி பற்றவைக்க அந்தப்பக்கம் திரும்பியிருப்பான். அது ஒன்றுதான் அவளுக்கு அனுகூலம்.

யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் மலைக்குப் போவது நின்றுபோகும். அவள் பயமெல்லாம் அந்த ஒன்றுதான்.

பயத்துக்குக் காரணம் அவள் தெருவிலேயே நடமாடிக்கொண்டிருந்தது. மொக்கச்சாமி என்று ஒரு லோடுமேன். மலைபோல இருந்த மனுசன், போன வருசம் இடுப்பு வலி என்று மதுரைக்குப் போனான். பந்துக் கிண்ண எலும்பு செத்துப்போச்சு என்று சொல்லி, அறுத்து இரும்புப் பந்து வைத்து அனுப்பினார்கள். இப்போது வாக்கரைத் தள்ளிக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை போய் வருகிறான். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவனைப் பார்த்தாலே ஜக்கம்மாள் எதிர்வரிசைக்கு ஒதுங்கி நடப்பாள். 'நமக்கும் அதேதான். நம்ம பந்தும் செத்துப்போச்சு' என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். டாக்டரிடம் போனால் அந்தத் தீர்ப்பைத்தான் சொல்லப் போகிறார், அதற்கு ஏன் போவானேன்?

மலை என்றால் அவளுக்கு அப்படி. போடி வெயிலில் வெந்து கிடந்துவிட்டு, போடிமெட்டு ஏறியதும் முகத்தில் ஈரமாக மஞ்சு வந்து அப்புமே, அதற்காகவே அவள் பிறவி எடுத்ததுபோல இருக்கும். கீழே அவள் வெள்ளைத்துரை பெண்டாட்டி. மேலே, ஜீப்பு நிறையப் பெண்களுக்கு அவள்தான் மூத்தவள். எந்த வரிசையில் யார் காய் எடுப்பது, எந்நேரம் கட்டன் சாயா குடிப்பது, எல்லாம் அவள் சொல்படிதான். எஸ்டேட்டுக்கார மலையாளத்துச் சேட்டனே, "ஜக்கம்மா வந்நோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைச் சொல்வான்.

ஜீப்பிலும் அவளுக்கு ஒரு இடம் உண்டு. இடதுபக்கப் பெஞ்சின் கடைசி, பின்கதவை ஒட்டி. அழகுராஜாவின் ஜீப்புக்குப் பின்கதவு ஒரு பேருக்குத்தான். தாழ்ப்பாள் எந்தக் காலத்திலோ போய், நைலான் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது உள்ளே இருக்கிற அத்தனை பேரின் பாரமும் பின்பக்கம் சரியும். அப்போது ஜக்கம்மாள் வலது இடுப்பைக் கதவுநிலைக் கம்பியில் முட்டுக்கொடுத்து, எதிர்க் கம்பி வரைக்கும் கையை நீட்டிப் பிடித்து, குறுக்கே கிடப்பாள். ஒருதரம் கயிறு அவிழ்ந்து ஒரு புதுப்பெண் வெளியே சாய்ந்துவிட்டாள். ஜடையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டது ஜக்கம்மாள்தான். அன்றிலிருந்து அந்த இடத்தில் வேறு யாரும் உட்காருவதில்லை. 'பின்கதவுக்காரி' என்று பேரே வந்துவிட்டது. அவளுக்கும் அதில் பெருமை இல்லாமல் இல்லை.

ஏலக்காய் எடுப்பது நின்று செய்கிற சோலி இல்லை. காய்ச் சரம் செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு ஓடும். குத்தவைத்து உட்கார்ந்து, சருகை விலக்கி, முத்தின காயை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். அன்றைக்குச் சாரல் விடாமல் பெய்தது. ஒரு தூரை முடித்துவிட்டு அடுத்த தூருக்கு எழுந்தவள் "ஆத்தாடி" என்று செடியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வரிசையில் மாயக்காள் இருந்தாள். நாத்தனார் முறை, வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன மதினி, அட்டை கடிச்சிருச்சா?"

"ஆமா, அட்டைதான்."

"அட்டை கடிச்சா காலைப் பாப்பாக. நீ இடுப்பைப் பிடிக்கிற?"

"ஏ, சத்தம் போடாதடீ!"

பிறகு மறைத்துப் பிரயோசனம் இல்லை. மாயக்காள் சத்தியம் பண்ணி வாயை மூடிக்கொண்டாள், ஆனால் கையை மூடவில்லை. "இது வாயுப்பிடிப்பு. வாயு அந்த எலும்புக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அழுத்தி விரட்டணும்" என்று சாயங்காலம் வேப்பெண்ணெயோடு வந்தாள். ஜக்கம்மாளை ஒருக்களித்துப் படுக்கப்போட்டு, முழங்கையை அந்த இடுப்பெலும்பு முட்டின் மேல் ஊன்றி, தன் பாரத்தை எல்லாம் இறக்கினாள். போதாதற்குச் சுட்ட செங்கல் ஒத்தடம். ஜக்கம்மாள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு கிடந்தாள். மூன்று சாயங்காலம் இந்த வைத்தியம் நடந்தது. நாலாம் நாள் காலையில் வாசற்படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்து நின்றவளை, வெள்ளைத்துரை பார்த்துவிட்டான்.

வெள்ளைத்துரைக்குக் கொட்டகுடி ஆற்றுப் பக்கம் ஒரு மாந்தோப்பில் காவல். அதிகம் பேச மாட்டான், பேசினால் சண்டை மாதிரிதான் இருக்கும்.

"என்ன புள்ள, கால இழுக்குற?"

"மரத்துப் போச்சுய்யா."

"எம்புட்டு நாளா மரத்துப் போயிருக்கு?"

அவள் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது. "மொக்கச்சாமிக்கு வந்ததுதான்ய்யா எனக்கும் வந்திருக்கு. என்னை ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிராத. அறுத்துருவாக. இனி எந்த மலைக்குப் போவேன், யாரு என்னைய ஏத்துவா?"

வெள்ளைத்துரைக்கு நெஞ்சு திக்கென்றது. ஆனால் வெளியே வந்தது அதட்டல்தான். "நீ டாக்டருக்குப் படிச்சியா? கெளம்பு வெரசா."

எலும்பு டாக்டர் சிவரஞ்சனி போடிக்கு வந்து கொஞ்ச காலம்தான். சின்ன வயசு, சின்ன கிளினிக்கு. ஜக்கம்மாள் உள்ளே போனதுமே, "எங்க தெருவுல ஒருத்தருக்கு அறுத்துட்டாக. எனக்கு அறுக்காம ஏதாச்சும் பண்ண முடியுமா டாக்டரம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

"மொதல்ல உக்காருங்கம்மா. எங்க வலிக்குதுன்னு ஒத்த விரல வச்சுக் காட்டுங்க."

ஜக்கம்மாள் விரலை நேராக இடுப்போரத்து எலும்பு முட்டில் வைத்தாள். டாக்டர் அதே இடத்தில் லேசாக அழுத்தினார். "ஆத்தே!" என்று துள்ளினாள்.

"தொடை இடுக்குல வலிக்குதா?"

"இல்ல."

"சம்மணம் போட்டு உக்கார முடியுமா?"

"அதுக்கென்ன" என்று ஜக்கம்மாள் தரையில் உட்கார்ந்தே காட்டிவிட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு மேசையில் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, காலை உள்ளேயும் வெளியேயும் திருப்பிப் பார்த்தார். இடுக்கில் வலி இல்லை. எழுப்பி வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்த இடுப்பெலும்பு முட்டு வலிக்க ஆரம்பித்தது. ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடிகிறதா என்று கேட்டார். "எங்க டாக்டரம்மா, முள்ளு மேல படுத்த மாதிரி இருக்கு" என்றாள். ஒரு எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று.

"யாரோ அறுத்துக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே, அவருக்கு எங்க வலிச்சது?"

"மொக்கச்சாமியா? தொடை இடுக்குல வலிக்குதுன்னுதான் கத்துவாரு. சம்மணம் எங்கிட்டுப் போடுறது, செருப்பு மாட்டவே மருமக வரணும்."

"அப்ப அது வேற, இது வேற. உங்க பந்துக் கிண்ணம் நல்லா இருக்கும்மா. இந்தா பாருங்க படத்துல, வழுவழுன்னு இருக்கு. இந்த எலும்பு முட்டு மேல தசைநாரு ஏறி இறங்கும். உரசக் கூடாதுன்னு நடுவுல சின்னதா ஒரு பை, அதுல கொஞ்சூண்டு வழவழப்புத் தண்ணி. அந்தப் பை நசுங்கி நசுங்கி வீங்கியிருக்கு. சுத்தியுள்ள தசைநாரும் புண்ணாகியிருக்கு. பர்சைட்டிஸ்னு சொல்லுவோம்."

"பைன்னா... கட்டியா?"

"கட்டி இல்ல. எல்லாருக்கும் இருக்குறதுதான். எனக்கும் இருக்கு, உங்க வீட்டுக்காரருக்கும் இருக்கு."

வெள்ளைத்துரை சட்டென்று தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அப்ப நான் மலைக்குப் போலாமா?"

"போலாம். மூணு வாரம் கழிச்சு."

ஜக்கம்மாளுக்கு உயிர் வந்தது. முகத்தை மூடிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். நல்ல சேதி கேட்டு இப்படி அழுகிற ஆளை டாக்டரும் பார்த்திருக்க மாட்டார். வெள்ளைத்துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அழுது முடித்ததும் டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். முழங்கையை வைத்து அழுத்துவது கூடவே கூடாது, சூட்டுச் செங்கலும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை வைத்து எடுக்க வேண்டும். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். இடது பக்கம் படுத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை வைக்க வேண்டும். பக்கவாட்டில் காலைத் தூக்குவதும், மல்லாந்து படுத்துப் பிட்டத்தை உயர்த்துவதுமாக இரண்டு பயிற்சி, இடுப்புத் தசைக்கு வலு ஏற. "இதுலயே பெரும்பாலும் சரியாயிரும். ஆகலைன்னா அந்த இடத்துல ஒரு ஊசி போடலாம். காய்ச்சல் வந்தாலோ, அங்க செவந்து சுட்டாலோ உடனே வாங்க. சரி, அந்தப் பக்கமே நசுங்குற மாதிரி என்ன பண்றீங்க?"

ஜக்கம்மாள் யோசித்து யோசித்துச் சொன்னாள். காய்ச் சாக்கை இடுப்பில் இடுக்கித் தூக்குவது. சரிவில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்பது. வெறுந்தரையில் வலது பக்கமே படுப்பது.

"மலைக்கு எப்படிப் போவீங்க?"

"ஜீப்புலதான். அது சும்மா உக்காந்து போறதுதானே டாக்டரம்மா. அதுல என்ன இருக்கு?"

"உக்காந்து போறது பரவால்ல" என்றார் டாக்டர்.

மூன்று வாரம் வீட்டில் கிடந்தாள். வீட்டில் பிரிஜ் ஏது? வெள்ளைத்துரை தினமும் மீன் கடையில் ஐஸ் வாங்கி வந்தான். எத்தனை துணி சுற்றினாலும் ஜக்கம்மாள் இடுப்பில் சாளை வாடை அடித்தது. தெருப்பூனை ஒன்று ஐஸ் வைக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து பக்கத்தில் உட்கார ஆரம்பித்தது. "நீ ஐஸு வாங்கிட்டு வர்றது பொண்டாட்டிக்கா, இந்தப் பூனைக்காய்யா?" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று வெள்ளைத்துரைக்கு அப்போதுதான் உறைத்தது. கருவாட்டுக் குழம்பு வைத்து, கேப்பைக்களி கிண்டி, அவனே போட்டுக் கொடுத்தான். களி கட்டி தட்டியிருந்தது. அவள் அதைக் குழம்பில் நசுக்கிக்கொண்டு தின்றாள். வலி முக்கால்வாசி போய்விட்டது.

ஆனால் மறுபடியும் மலை ஏறிய வாரமே வலி திரும்பி வந்துவிட்டது. சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு படி ஏறியவளை வெள்ளைத்துரை மறித்து நின்றான்.

"சாக்கத் தூக்குனியா?"

"தூக்கலைய்யா. மாயக்காதான் தூக்குறா."

"பொய் சொல்லாத புள்ள. டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாக."

"மாரியாத்தா சத்தியமா தூக்கலய்யா! தலையணை வச்சுத்தான் படுக்குறேன், காலத் தூக்குற சோலியும் விடாமச் செய்யுறேன். அந்தப் படத்துல சரியாத் தெரியலபோல. பந்துதான்ய்யா போச்சு. எனக்குத் தெரியும்." அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளைத்துரை நம்பவில்லை. பெண்டாட்டி மேலே திருட்டுத்தனமாக மூட்டை தூக்குகிறாள் என்றுதான் நினைத்தான். கையும் களவுமாகப் பிடிப்பது என்று, தோப்புக்கு வேறு ஆளை விட்டுவிட்டு, மறுநாள் காலையில் ஜீப்பு நிற்கிற இடத்தில் போய் நின்றான்.

"மாமா, நீங்களா? வளைவுன்னாலே கொடல் வெளிய வந்துரும்பீகளே?" என்றான் அழகுராஜா.

"வண்டிய எடு மாப்ளே" என்று எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டான். குமட்டினால் வெளியே எட்டிப்பார்க்க வசதியாக எதிர்ப் பெஞ்சில் கடைசியில், பின்கதவு ஓரமாக உட்கார்ந்தான். நேர் எதிரில் ஜக்கம்மாள்.

அடிவாரத்து முந்தல் தாண்டி ஜீப்பு மலை ஏற ஆரம்பித்தது. முதல் வளைவு. வண்டி முக்கிக்கொண்டு திரும்பியது. மாயக்காள் முதற்கொண்டு அந்தப் பெஞ்சுப் பெண்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தாமலே பின்னால் சரிந்து ஜக்கம்மாள் மேல் சாய்ந்தார்கள். அவள் வலது இடுப்பைக் கம்பியில் குத்திக்கொண்டு, குறுக்கே கையை நீட்டி, கண்ணை இறுக்கி மூடினாள். கன்னத்துத் தசை துடித்தது. வண்டி நிமிர்ந்தது. அடுத்த வளைவு. மறுபடி அத்தனை பாரமும். அந்தக் கம்பியின் மூலை அவள் இடுப்பில் எந்த இடத்தில் குத்துகிறது என்பதை வெள்ளைத்துரை பார்த்தான். டாக்டரம்மா அழுத்தியதும் அவள் துள்ளினாளே, அதே இடம்.

எலுமிச்சம்பழம் கையிலிருந்து உருண்டு ஓடியது.

"நிறுத்துடா! ஏ மாப்ளே, வண்டிய நிறுத்துடா!"

வாந்திதான் என்று நினைத்து அழகுராஜா பதறி ஓரங்கட்டினான். வெள்ளைத்துரை இறங்கி, கயிற்றைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். பின்கதவு கிறீச்சென்று திறந்து தொங்கியது.

"இதுக்குத் தாப்பா எங்கடா?"

"அது போயி ரொம்ப நாளாச்சு மாமா. அத்தை இருக்கைல தாப்பா எதுக்கு?"

"அதான்டா கேக்குறேன்! அவ இடுப்பாடா உன் வண்டிக்குத் தாப்பா? இம்புட்டுப் பொம்பளைக பாரமும், ஏறையில எல்லாம் அந்த ஒரு எலும்புல. நான் கூறுகெட்டவன், அவ மூட்டை தூக்குறான்னு சண்டைக்கு நின்னேன். நீ பொய் சொல்லல புள்ள. பந்தும் போகல ஒண்ணும் போகல. இந்தக் கம்பிதான்!"

மாயக்காள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அடிப்பாவி மதினி, நாங்கதான் உன்னைய நசுக்குனமா? இதுல நான் வேற முழங்கைய வச்சு..." என்று தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜக்கம்மாள் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். அந்த மூலை பெயிண்ட் உதிர்ந்து பளபளவென்று தேய்ந்திருந்தது. அவ்வளவு வருசம் அவள் இடுப்பு தேய்த்தது. பந்து நன்றாக இருக்கிறது என்பது இப்போதுதான் அவளுக்கு முழுசாக நம்பிக்கைக்கு வந்தது, மனசு லேசானது. அந்தக் கையோடே வேறொரு கலக்கமும் வந்தது. "சரி, தாப்பா போட்டுரலாம்" என்று அழகுராஜா சொன்னதும், அவள் அந்தக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப... நான் எங்க உக்கார்றது? தாப்பா போட்டுட்டா நான் எதுக்கு?"

"ஏ கிறுக்கச்சி" என்றாள் மாயக்காள். "கதவுக்காகவா உன்னைய வச்சிருக்கோம்? நீ சத்தம் போடலைன்னா எங்களுக்கு வேலையே ஓடாது. நீ வராத மூணு வாரமும் ஆளாளுக்கு ஒரு வரிசை எடுத்து, அந்தச் சேட்டன் 'மதி, மதி'ன்னு, போதும் போதும்னு தலையில கை வச்சுட்டான்."

டாக்டரிடம் போய்ச் சொன்னபோது அவரும் தலையில் கை வைத்தார். "ஜீப்புல இப்படிப் போறேன்னு மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"உக்காந்துதானே டாக்டரம்மா இருந்தேன்" என்றாள் ஜக்கம்மாள். அவள் மனசறிந்து சொன்ன உண்மை அது. இன்னும் கொஞ்ச நாள் ஓய்வு, பயிற்சியை விடவே கூடாது, ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்று அனுப்பிவைத்தார்.

புரட்டாசி கடைசியில் அவள் மறுபடி வந்து நின்றபோது ஜீப்பின் பின்கதவில் வெல்டிங் பட்டறையில் புதிதாக அடித்த தாழ்ப்பாள் கனமாகத் தொங்கியது. கூடவே ஒரு சங்கிலி. அழகுராஜா முன்சீட்டைத் துடைத்துவிட்டு, "ஏறு அத்தே" என்றான். முன்சீட்டில் இதுவரைக்கும் எஸ்டேட்டு ஆட்கள்தான் உட்காருவார்கள். அவள் கூச்சத்தோடு ஏறினாள்.

முதல் வளைவு வரும்போது அவளை அறியாமல் உடம்பு விறைத்தது. வலது கை கம்பியைத் தேடியது. திரும்பி, சீட்டில் முழங்காலை ஊன்றாத குறையாகப் பின்னால் பார்த்தாள். வண்டி முக்கித் திரும்பியது. பெண்கள் எல்லாரும் கொத்தாகச் சரிந்தார்கள். கதவு ஒரு தரம் 'டங்' என்று அதிர்ந்தது.

"மதினீ! நிக்குது!" என்று கடைசியிலிருந்து மாயக்காள் கத்தினாள். "உன் இடுப்பு கணக்கா நிக்குது!"

ஜீப்பே அதிரச் சிரித்தார்கள். ஜக்கம்மாள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முன்னாடி திரும்பி உக்காரு அத்தே, அப்புறம் கழுத்து வலின்னு மாமா என்னைய அடிக்க வருவாரு" என்றான் அழகுராஜா. அவள் கேட்கவில்லை. வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனாள்.

மெட்டைத் தாண்டி, மஞ்சுக்குள் நுழைந்து, எஸ்டேட்டு வாசலில் வண்டி நின்றது. பின்னால் மாயக்காள் புதுத் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சங்கிலி எங்கே மாட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரே கூச்சல். அதற்குள் முன்கதவு திறந்தது. ஜக்கம்மாள் வலது காலைத் தரையில் வைத்தாள். ஒரு நொடி அப்படியே நின்றாள். ஒன்றும் இல்லை. ஈரத் தரைதான் இருந்தது.

சேலையை உதறி ஏற்றிச் செருகிக்கொண்டு, சரிவுப் பக்கம் திரும்பி நடந்தபடியே குரல் கொடுத்தாள்.

"இன்னும் என்னங்கடீ பண்றீக உள்ள? வெரசா இறங்குங்க, நான் போறேன்!"